மணலைக் கொண்டுபோன பாதிரியார்

கோவளம் என்றவுடன் ஒருவருக்கு மீன்படகு நினைவுக்கு வரும். ஒருவருக்குத் தமீம் அன்சாரி தர்கா. இன்னொருவருக்குக் கார்மேல் அன்னை ஆலயம். சரித்திர ஏடு புரட்டியவர்க்கோ, ஆஸ்டெண்டுக் கும்பினியார் இங்கே பண்டசாலை போட்டதும், ஆர்க்காட்டு நவாப் அன்வருதீன் கோட்டை கட்டியதும், 1752-ல் கிளைவ் வந்து அதைப் பிடித்ததும் நினைவுக்கு வரும். கோட்டை போயிற்று. கும்பினி போயிற்று. நவாபும் போனார். மணல் மட்டும் இருக்கிறது.

அந்த மணலைப்பற்றித்தான் இன்று பேச வந்தோம். கோட்டைக்கு உதவாத மணல். நெல் விளையாத மணல். ஆனால் எழுத்து விளைந்த மணல்! கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம்வரை கடலோரமாகவும், திருப்போரூர், திருக்கழுக்குன்றம், செங்கற்பட்டு என்று உள்நாட்டிலும், அந்நாளில் பள்ளிக்குப் போன பிள்ளை முதல் எழுத்தை எழுதியது காகிதத்தில் அல்ல, பலகையில் அல்ல, மணலில். அந்த மணல் பாடத்தை இங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர் வடக்கே, சென்னை எழும்பூரில், ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் கண்டார். கண்டதைக் கப்பலேற்றிச் சீமைக்குக் கொண்டுபோனார். அதனால் பெரும்புகழ் பெற்றார். செத்தபோது, மன்னர்களுக்கும் மாபெரும் புலவர்களுக்கும் இடம் தருகிற வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அவருக்கும் ஆறடி கிடைத்தது. பெயர் ஆண்ட்ரு பெல்.

பெல் துரையின் கதைக்குப் போகுமுன், அவர் கண்டது என்ன என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லிவிட வேண்டும். இன்றைய இளைஞர்களில் பலருக்குத் திண்ணைப் பள்ளிக்கூடம் என்பது பாட்டனார் சொல்லக் கேட்ட சங்கதி. சிலருக்கு அதுவும் இல்லை.

ஊரில் ஒரு திண்ணை, அல்லது ஒரு மரத்து நிழல், அல்லது சாவடி. ஒரு வாத்தியார். தென்பாண்டிப் பக்கத்தில் அண்ணாவி என்பார்கள். அவருக்குச் சம்பளம் சர்க்கார் தருவதில்லை. பிள்ளையைப் பெற்றவர்கள் நெல்லாகவோ சில்லறையாகவோ தருவார்கள். தரையிலே மணலைப் பரப்பி, புதிதாக வந்த பிள்ளையை அதன் முன்னே உட்காரவைத்து, அதன் ஆள்காட்டி விரலைத் தம் கையில் பிடித்துக்கொண்டு, 'அ' என்று வாத்தியார் எழுதுவார். எழுதும்போதே வாய்விட்டுச் சொல்வார், பிள்ளையும் சொல்லும். விரல் எழுத, வாய் சொல்ல, காது கேட்க, கண் பார்க்க, நான்கும் ஒரே நேரத்தில் நடக்கும். பிறகு கையை விட்டுவிடுவார். பிள்ளை தானே எழுதும். பிழையா? உள்ளங்கையால் ஒரு தடவு. மணல் மறுபடியும் வெள்ளைத் தாள். அழித்து அழித்து ஆயிரம் தரம் எழுதலாம், காலணா செலவில்லை.

விரல் தேறிய பிறகுதான் பனையோலையும் எழுத்தாணியும். அது வேறு வித்தை. இடக்கையில் ஓலையைப் பிடித்து, இடக்கைக் கட்டைவிரலால் எழுத்தாணியைத் தாங்கி, ஓலையை நகர்த்தி நகர்த்திக் கீறவேண்டும். கீறியது கண்ணுக்குத் தெரியாது; இலைச்சாறும் விளக்குக்கரியும் தேய்த்தால்தான் தெரியும். அழுத்திப் புள்ளி வைத்தால் ஓலை பொத்துப்போகும் என்று புள்ளியே வைப்பதில்லை. குறில் எகரம், நெடில் ஏகாரம் வேற்றுமை இல்லை. காலுக்கும் ரகரத்துக்கும் ஒரே வடிவம். ஆகவே ஓலையைப் படிப்பவன் எழுத்தைக் கூட்டிச் சொல்லைப் பிடிப்பதோடு நிற்க முடியாது. சொல்லைப் பிடித்து எழுத்தைத் தீர்மானிக்கவும் வேண்டும். அந்தக் காலத்துப் பிள்ளைகள் ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் எண்சுவடியையும் பாராமல் ஒப்பித்ததற்கு இதுவும் ஒரு காரணம். மனத்தில் இருந்தால்தான் ஓலை பேசும்.

இதெல்லாம் பெல் துரை வருவதற்கு வெகு நாளைக்கு முன்பிருந்தே நடந்த காரியம். 1623-ல் இத்தாலி நாட்டு யாத்திரிகர் பியெத்ரோ தெல்லா வல்லே கன்னட நாட்டில், ஒரு கோயில் தாழ்வாரத்திலே சிறுவர்கள் சிலர் மணலைத் தூவி விரலால் கணக்கு எழுதி, ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டு, ஆசானே இல்லாமல் ஒருவருக்கொருவர் பாடம் கற்பதைக் கண்டு வியந்து எழுதிவைத்தார். எழுதிவைத்தாரே தவிர, அதைத் தம் நாட்டுக்குக் கொண்டுபோகவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அது தோன்றியது ஒரு நாவிதர் மகனுக்கு!

ஆம், ஆண்ட்ரு பெல்லின் தகப்பனார் ஸ்காத்லாந்தில், செயின்ட் ஆண்ட்ரூஸ் என்ற கடற்கரைப் பட்டினத்தில், முகம் மழித்துப் பொய்முடி கட்டித் தொழில் செய்தவர். அங்கே 1753-ல் பெல் பிறந்தார். உள்ளூர்ப் பல்கலைக் கழகத்தில் கணிதமும் இயற்கை நூலும் படித்தார். பிழைப்பைத் தேடி 1774-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்குப் போய், புகையிலைத் தோட்டக்காரர்களின் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தார். அங்கே விடுதலைப் போர் மூண்டது. 1781-ல் திரும்பினார், வழியில் கப்பல் உடைந்தது, உயிர் தப்பியது. பிறகு இங்கிலாந்துத் திருச்சபையில் குருப்பட்டம் வாங்கிக்கொண்டு, 1787-ல் இந்தியாவுக்குக் கப்பலேறினார். அந்நாளில் தெற்கேயிருந்து சென்னைக்கு வரும் கப்பல்காரர்களுக்குச் சதுரங்கப்பட்டினத்துக் குன்றுகளும் மாமல்லைக் கடற்கோயிலும்தான் வழிகாட்டும் அடையாளங்கள். அவற்றைத் தாண்டினால் கோவளம்; கோவளம் தாண்டினால் சென்னை. பெல் போக நினைத்தது கல்கத்தாவுக்கு. சென்னையிலேயே தங்கிவிட்டார்.

தங்கியதற்குக் காரணம் பக்தி மட்டுமல்ல. ஒரே சமயத்தில் பல பட்டாளங்களுக்குப் பாதிரியார் என்று பேரெழுதிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் சம்பளம் வாங்கினார்! கும்பினி ஆட்சியில் இதெல்லாம் சாதாரணம். போதாததற்குக் காற்று, மின்சாரம், வெப்பம் ஆகியவைபற்றிக் கருவிகளோடு சொற்பொழிவாற்றிக் கட்டணமும் வாங்கினார். பணம் சேர்ப்பதில் மனிதர் கெட்டி. ஆனால் 1789-ல் எழும்பூரில் ராணுவ அனாதைச் சிறுவர் விடுதி தொடங்கியபோது, அதன் மேற்பார்வைப் பொறுப்பை ஏற்ற அவர், அதற்கெனக் கொடுக்க வந்த சம்பளத்தை வேண்டாமென்றார். இரண்டையும் சேர்த்துத்தான் அவரை எடைபோட வேண்டும்.

அந்த விடுதிப் பிள்ளைகள் யார்? வெள்ளைச் சிப்பாய்களுக்கு இந்நாட்டுப் பெண்களிடம் பிறந்த பிள்ளைகள். தகப்பன் செத்தோ, ஓடிப்போயோ, விட்டுப் போன பிள்ளைகள். தாய்வழியால் புத்தியும் ஒழுக்கமும் குன்றியவர்கள் என்ற ஓர் இளக்காரம் வெள்ளையரிடையே அப்போது பரவிக் கிடந்தது. பெல்லும் அந்தக் காற்றைச் சுவாசித்தவரே. ஆனாலும் அந்தப் பிள்ளைகளை வைத்துத்தான் அவர் பேர் பெற்றார்.

விடுதியில் பாடம் நடந்த லட்சணம் இங்கிலாந்துப் பாணி. அங்கே படிப்பு வேறு, எழுத்து வேறு. முதலில் ஆண்டுக்கணக்கில் எழுத்துக்களின் பெயரைச் சொல்லிச் சொல்லி உருப்போட வேண்டும். படிக்க வந்த பிறகுதான், அதுவும் காசு கொடுக்க முடிந்தவன் வீட்டுப் பிள்ளைக்குத்தான், காகிதமும் இறகுப் பேனாவும் கையில் கிடைக்கும். எழுதக் கற்பிக்கத் தனி வாத்தியார். எழும்பூர் விடுதியிலும் சின்னப் பிள்ளைகள் எழுத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். உதவி ஆசிரியர்கள் சம்பளத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். மாதங்கள் ஓடின, அகரவரிசை ஓடவில்லை.

ஒரு நாள் காலை, பெல் குதிரைமேல் வந்துகொண்டிருந்தார். வழியிலே ஒரு மலபார்ப் பள்ளி. மலபார் என்றதும் கேரளம் என்று எண்ணிவிட வேண்டாம். தமிழரையும் தமிழையும் அந்நாளில் ஆங்கிலேயர் அப்படித்தான் அழைத்தார்கள். அங்கே பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். வேறொன்றுமில்லை. நாமும் நம் பாட்டன்மாரும் கண்டு கண்டு சலித்த காட்சி. அந்த வழியாக எத்தனை துரைமார் போயிருப்பார்கள்! பெல் நின்றார். பார்த்தார். கண்டுபிடித்துவிட்டேன் என்று கூவாத குறையாக விடுதிக்குக் குதிரையை விரட்டினார்.

அப்படி என்ன கண்டுவிட்டார்? இதைச் சொல்வதற்கு அவருக்குப் பின்னே இரு நூற்றாண்டு ஆராய்ச்சி தேவைப்பட்டது. பேசுவதற்கு மூளை இயற்கையாகவே தயாராகப் பிறக்கிறது. படிப்பதற்கு அப்படிப் பிறப்பதில்லை. எழுத்து தோன்றி ஐயாயிரம் ஆண்டுச் சொச்சம்தான் ஆகிறது; அதற்கென ஓர் உறுப்பு வளர அந்தக் காலம் போதாது. முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காணுகிற மூளைப் பகுதியில் ஒரு மூலையை, இடப்பக்கத்தில் பின்புறமாக, எழுத்துக்கென்று பழக்கிக்கொள்கிறோம் என்று பிரெஞ்சு அறிஞர் ஸ்தானிஸ்லாஸ் தெஹேன் விளக்கியிருக்கிறார். தமிழ் படிப்பவருக்கும் பிரெஞ்சு படிப்பவருக்கும் சீனம் படிப்பவருக்கும் ஏறக்குறைய அதே மூலைதான்.

ஆனால் அந்த மூலைக்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. வலப்புறம் திரும்பிய மாடும் இடப்புறம் திரும்பிய மாடும் அதற்கு ஒரே மாடு. எழுத்திலோ, திரும்பினால் வேறெழுத்து. அதனால்தான் சிறு பிள்ளைகள் சில எழுத்துக்களைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் 'பி'யும் 'டி'யும் அவர்களைப் பாடாய்ப் படுத்துகின்றன. நம் பிள்ளைகளுக்கு லகரமும் வகரமும், ணகரமும் னகரமும். கண்ணுக்கு இந்தக் குழப்பம் தீருவது கஷ்டம். கைக்கு அந்தக் குழப்பம் குறைவு. எங்கே தொடங்கி, எப்படிச் சுழித்து, எங்கே முடிப்பது என்ற வழி கைக்குத் தெரிந்துவிட்டால், கண் அதை மறப்பதில்லை. அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக் கழகத்தில் காரின் ஜேம்ஸ் என்ற பேராசிரியையும் அவருடன் உழைத்தவரும், படிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகளைக் கொண்டு சோதித்து 2012-ல் வெளியிட்டார்கள். கையால் எழுதிப் பழகிய எழுத்தைக் காட்டியபோது அந்தப் படிப்பு மூலை விழித்தெழுந்தது. விசையைத் தட்டிப் பழகிய எழுத்துக்கும், புள்ளிக்கோட்டின்மேல் வரைந்து பழகிய எழுத்துக்கும் அப்படி எழவில்லை. பிள்ளை தானே, தப்பும் தவறுமாக, எழுதவேண்டும். வாத்தியார் விரலைப் பிடித்து எழுதியபின் கையை விட்டாரே, அந்த விடுதல்தான் பாடம்! 1907-ல் ரோமாபுரியில் பள்ளி தொடங்கிய மாரியா மாண்டிசோரி அம்மையார் உப்புத்தாளை எழுத்தாக வெட்டி விரலால் தடவவிட்டதும் இந்த வழியில்தான்.

அதிலும் நம் எழுத்து 247. உயிரும் மெய்யும் சேர்ந்து உருமாறுகிற எழுத்துக்கள். கொம்பு முன்னே நிற்கும். ஓசை பின்னே வரும். இந்த வகை எழுத்துக்களைப் பிள்ளைகள் முழுவதும் வசப்படுத்த நான்காம், ஐந்தாம் வகுப்புவரைகூட ஆகிறது என்று பெங்களூரில் கன்னடப் பிள்ளைகளை ஆராய்ந்த சோனாலி நாக் கண்டிருக்கிறார். கொரோனாவால் 2020-லும் 2021-லும் பள்ளிகள் பூட்டிக் கிடந்த பிறகு, தமிழ்நாட்டில் எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் எழுதப் படிக்கவேண்டும் என்று 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' என்றொரு திட்டம் தொடங்கவேண்டி வந்தது. அந்த இரண்டாண்டில் தகப்பனாரின் கைப்பேசியைத் தேய்த்த விரல் எத்தனை! தேய்ப்பதும் விரல்தான், எழுதுவதும் விரல்தான். ஆனால் தேய்க்கிற விரலுக்கு எந்த எழுத்தும் ஒரே மாதிரி. மணலில் எழுதுகிற விரலுக்கோ ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு பயணம்.

பெல்லிடம் திரும்புவோம். மணலைப் பரப்புங்கள், விரலால் எழுதச் சொல்லுங்கள் என்று உதவி ஆசிரியர்களுக்கு உத்தரவிட்டார். அவர்கள் சிரித்தார்கள். முடியாது என்றார்கள். செய்து பார்க்கவும் மறுத்தார்கள். பெரியவர்கள் மறுத்ததை ஒரு சிறுவனிடம் கொடுத்தார் பெல். ஜான் பிரிஸ்கின் என்று பெயர், சாதாரணச் சிப்பாய் ஒருவரின் மகன், வயது எட்டு! நீ போய் அந்தச் சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் அகரவரிசை கற்றுக்கொடு என்றார். பையன் கற்றுக்கொடுத்தான். பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். மாதக்கணக்கில் நடவாதது விரைவில் நடந்துவிட்டது. அவனுக்குத் துணையாக மேலும் சில சிறுவர்களை வைத்தார். பிறகு ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு சிறுவனே ஆசிரியன். விடுதியில் சுமார் 200 பிள்ளைகள். சிரித்த ஆசிரியர்களுக்கு வேலை குறைந்தது.

ஒன்று சொல்லவேண்டும். நம் திண்ணைப் பள்ளியில் கோதண்டம் என்று கயிற்றில் தொங்கவிடுவார்கள், பிரம்படிக்குக் கணக்கில்லை. அதைப் பெருமையாகப் பேச நம்மால் முடியாது. பெல் எழும்பூரில் பிரம்பைப் பெரிதும் ஒழித்தார். குற்றத்தைக் கறுப்புப் புத்தகம் ஒன்றில் எழுதுவார். வாரம் ஒருமுறை பிள்ளைகளே பஞ்சாயத்தாக உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வார்கள். இது திண்ணையில் கண்டதல்ல. அவர் சொந்தச் சரக்கு.

அந்த விடுதிப் பையன்கள் எவ்வளவு தேறினார்கள் என்பதற்கு வில்லியம் ஸ்மித் சாட்சி. பணயமாகப் பிடித்து வைத்திருந்த திப்பு சுல்தானின் மைந்தர்களை 1794-ல் டவுடன் என்ற தளபதி தகப்பனாரிடம் சேர்க்கப் போனார். கூடவே இந்தப் பையனும் போனான். விஞ்ஞானக் கருவிகளைத் திப்புவின் முன்னே வைத்து இயக்கிக் காட்டினான். புத்தி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட கூட்டத்திலே ஒருவன், மைசூர்ப் புலியின் எதிரே நின்று மின்சாரத்தை விளக்கினான்!

1796-ல் உடல்நலம் குன்றி பெல் கப்பலேறினார். மடியில் இருபத்தையாயிரம் பவுனுக்கு மேல் சேமிப்பு. பெட்டியில் விடுதி அறிக்கை. 1797-ல் அந்த அறிக்கையை லண்டனில் சிறு நூலாக வெளியிட்டார். முறைக்குச் 'சென்னை முறை' என்றே பெயர் சூட்டினார். இந்தப் பெயருக்காகவாவது அவருக்கு ஒரு நன்றி. அடுத்த ஆண்டே லண்டன் ஆல்ட்கேட்டில் ஒரு தருமப் பள்ளி அதை எடுத்துக்கொண்டது. அங்கே தட்டுகளில் மணல், விரலால் எழுத்து, சிறுவனுக்குச் சிறுவன் ஆசான். தேம்ஸ் நதிக்கரையில் ஒரு திண்ணைப் பள்ளி!

ஜோசப் லங்காஸ்டர் என்ற குவேக்கர் இளைஞரும் 1798 முதல் லண்டனில் ஏழைப் பிள்ளைகளைக் கூட்டி ஏறக்குறைய இதே முறையில் நடத்தினார். முதலில் இருவரும் நண்பர்கள். பிறகு பிறந்தது சண்டை. யார் முதலில் கண்டது என்பது சண்டையின் மேல்தோல். ஏழைப் பிள்ளைகள் எந்தச் சபையின் கைக்குள் இருப்பது என்பது உள்சதை. ஆளும் திருச்சபை பெல்லைத் தூக்கிப்பிடித்து 1811-ல் தேசியக் கழகம் கண்டது. சபைக்கு வெளியே இருந்தவர்கள் லங்காஸ்டர் பக்கம். அது கனடாவுக்குப் போனது. நியூ பிரன்ஸ்விக்கில் 'மெட்ராஸ் பள்ளிகள்' என்ற பெயரிலேயே நடந்தது. இது தென் அமெரிக்காவுக்குப் போனது. லங்காஸ்டர் கடனாளியாகி, நாடுவிட்டு நாடு அலைந்து, 1838-ல் நியூயார்க் வீதியில் குதிரைவண்டி ஏறி மாண்டார். பெல்லுக்கோ பதவிமேல் பதவி.

இனி, பெல்லின் வாழ்க்கையில் நம் நெஞ்சைக் குத்துகிற இடம். மணலிலிருந்து அவர் கற்றது, எழுத எழுதத்தான் படிப்பு வரும் என்பது. ஆனால் 1805-ல் தம் நூலைப் புதுப்பித்து வெளியிட்டபோது, ஏழைகளின் பிள்ளைகளுக்குச் செலவு பிடித்த கல்வி வேண்டியதில்லை, எழுதவும் கணக்குப் போடவும்கூடக் கற்பிக்கவேண்டியதில்லை, வேதத்தைப் படிக்கத் தெரிந்தால் போதும் என்ற கருத்தைத் தம் கையாலேயே எழுதினார். அதற்குமேல் கற்றால் கூலி வேலைக்கு உடல் வளையாது, தத்தம் நிலையில் நில்லாமல் மேலே பார்க்கத் தொடங்குவார்கள் என்ற பயம்! நாவிதர் மகன் எழுதுகிறார் இதை. அவர் மட்டுமல்ல, ஹன்னா மோர் என்ற அம்மையார் தம் பள்ளிகளில் ஏழைகளுக்குப் படிப்பு உண்டு, எழுத்து இல்லை என்று வைத்திருந்தார். படிப்பவன் பிறர் சொன்னதைக் கேட்பான். எழுதுபவன் தான் சொல்லத் தொடங்குவான். மனு எழுதுவான்; கணக்குக் கேட்பான்; கையெழுத்துப் போடுமுன் பத்திரத்தைப் புரட்டுவான். ஆண்டைகளுக்கு அதுதான் ஆகாது. பிற்பாடு அவருடைய கழகத்துப் பள்ளிகளில் எழுத்தும் கணக்கும் நுழைந்துவிட்டன. காலம் அவருக்காகக் காத்திருக்கவில்லை.

நம் பக்கத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது? சென்னை மாகாணத்தில் பள்ளிகளைக் கணக்கெடுக்கும்படி ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-ல் உத்தரவிட்டார். மாகாணத்தில் 1 கோடியே 28 லட்சம் மக்களுக்கு 12,498 பள்ளிகள் இருந்தன என்று 1826-ல் தொகுத்துச் சொன்னார். செங்கற்பட்டுச் சீமையில் மட்டும் 500-க்கு மேல். தமிழ் மாவட்டங்களில் அந்தத் திண்ணைகளில் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் சூத்திரர் என்று பட்டியலில் எழுதப்பட்ட வகுப்பாரின் பிள்ளைகள். இது பலர் நினைப்பதற்கு மாறான செய்தி. ஆனால் மாகாணம் முழுவதும் ஏறக்குறைய 1 லட்சத்து 88 ஆயிரம் மாணவர்களில் பெண்பிள்ளைகள் ஐயாயிரம்கூட இல்லை. சேரிப் பிள்ளைக்குத் திண்ணையில் ஏற இடமில்லை. மணல் எல்லாக் கடற்கரையிலும் கொட்டித்தான் கிடந்தது, மணலுக்குத் தட்டுப்பாடா? 1767 முதல் 1774 வரை பார்னார்டு என்ற துரை இந்தச் செங்கற்பட்டு ஜாகீரின் ஊர்களை அளந்தபோது, ஊர்ப் பங்குகளும் மானியங்களும் பனையோலைக் கணக்கில் ஏறின. எழுதியவர்கள் கணக்குப்பிள்ளைகள். ஏர் பிடித்தவன் கையிலும் வலை இழுத்தவன் கையிலும் அந்த எழுத்தாணி இல்லை.

பெல் இன்னொன்றிலும் கைச்சுருக்கம் காட்டினார். மணலில் எழுதுவதை மலபார்ப் பள்ளியில் கண்டதாக ஒப்புக்கொண்டார்; சிறுவனைக்கொண்டு சிறுவனுக்குக் கற்பிப்பது மட்டும் தம் சொந்தக் கண்டுபிடிப்பு என்றார். திண்ணைப் பள்ளி என்றிருந்தால் அங்கே சட்டாம்பிள்ளை இல்லாமலா? மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்கு முறைசொல்லிக் கொடுப்பது அங்கே அன்றாட வழக்கம். மணலைக் கண்ட கண்ணுக்குச் சட்டாம்பிள்ளை தென்படவில்லை என்றால் நம்புவது கடினம். நாம் சொன்னால் அபிமானம் என்பார்கள். கும்பினி இயக்குநர்களே 1814-ல் வங்காள அரசுக்கு எழுதிய கடிதத்தில், இந்நாட்டு ஊர் வாத்தியார்கள் நெடுங்காலமாகக் கையாண்ட முறையே பெல் மூலம் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தது என்று ஒப்புக்கொண்டார்கள். பெல்லாரிக் கலெக்டர் கேம்பெல் 1823-ல், மூத்தவன் இளையவனுக்குக் கற்பிக்கும் இந்த முறை இங்கிலாந்து பின்பற்றத் தகுந்ததாயிற்று என்று பாராட்டினார். அதே கேம்பெல், பிள்ளைகள் பொருள் தெரியாமல் செய்யுளை ஒப்பிக்கிறார்கள் என்று குறையும் சொன்னார். அதுவும் நியாயமே.

அந்த எழும்பூர் வாத்தியாரின் பெயரைப் பெல் எழுதிவைக்கவில்லை. எட்டு வயது பிரிஸ்கின் பெயர் நூலில் ஏறியது. விரலைப் பிடித்து எழுதவைத்தவர் பெயர் ஏறவில்லை.

சீமையில் அவருடைய முறை பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பள்ளிகளில் பரவியது. மலிவு என்பதுதான் அதற்கு முதல் சிபாரிசு; ஒரு சம்பளம், நூற்றுக்கணக்கான பிள்ளைகள். ஆனால் மலிவு முற்றியபோது முறை கெட்டது. மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் உட்கார்ந்து, புரியாததைப் புரியாதவனிடம் கேட்டு ஒப்பிக்கும் ஆலையாகிப் போனது பள்ளி. 1846-ல் இங்கிலாந்து அரசு சம்பளமும் பயிற்சியும் உள்ள மாணவ ஆசிரியர் திட்டத்துக்கு மாறியது. பெல் அதைக் காணவில்லை. 1816-ல் சுவிட்சர்லாந்து போய்ப் பெஸ்தலோசியின் பள்ளியைப் பார்த்தபோதுகூட, தம் முறைக்கு மிஞ்சியதாக எதையும் அவர் ஒப்பவில்லை. மனைவியோடு ஒத்துவாழவில்லை, பிரிந்தார். காசை எண்ணி எண்ணிச் செலவிட்டார். எங்கே சென்னை முறைப் பள்ளி இருந்தாலும் நுழைந்து சோதித்து, ஆசிரியர்களைச் சலிக்கவைத்தார்.

கடைசிக் காலத்தில் நாத் தளர்ந்தது, பேச்சுப் போயிற்று. வாழ்நாள் முழுவதும் பேசிப் பேசித் தம் முறையைப் பரப்பிய மனிதர், சொல்ல வேண்டியதை எழுதிக் காட்டத் தொடங்கினார். அந்த நிலையிலேயே, சேர்த்த செல்வத்தில் ஒரு லட்சத்து இருபதினாயிரம் பவுனை ஸ்காத்லாந்தின் கல்விக்கென்று எழுதிவைத்தார். 1832 ஜனவரியில் செல்டன்ஹாமில் காலமானார். கவிஞர் ராபர்ட் சதேயும் அவர் மகனும் அவருடைய வாழ்க்கையை மூன்று பெரிய பாகங்களாக எழுதினார்கள். அவருடைய பணத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் ஒரு பள்ளி எழுந்தது. அது இன்றும் நடக்கிறது. அதன் பெயர் மெட்ராஸ் கல்லூரி.